முன்கொம்புக்காரரின் வயிற்றுவலி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு,

என்னை வழியனுப்பிய அன்று சிஸ்டர் மைக்கைக் கையில் கொடுத்து நாலு வார்த்தை பேசச் சொன்னார். "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. எல்லோருடைய டீயும் ஆறிக்கொண்டிருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அதனால் இதை எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் சிஸ்டர் திருத்திக்கொள்வார்.

இருபத்தாறு வருடம் இந்த மலைமேல் ஆஸ்பத்திரியில் பணியாளாக இருந்தேன். முழங்கால் ஒத்துழைக்காததால் ஐம்பத்து நாலிலேயே ஓய்வு வாங்கிக்கொண்டேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுவதையும் தரை துடைப்பதையும் இனிமா கொடுப்பதையும் நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். வாயைத் திறந்து கேட்பதுதான் அவ்வளவு சீக்கிரம் வராது. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். எங்கே வலிக்கிறது, எப்போது ஆரம்பித்தது, யார் வீட்டு விருந்தில் என்ன போட்டார்கள் என்று எல்லாம் சொல்வார்கள். குடலின் கடைசி ஒரு முழத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். அதை நாம்தான் கேட்க வேண்டும்.

வெளியூர்க்காரர்களிடம் கேட்பது எனக்கு ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. மலைக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு ஆபீஸ்காரர் ஒருநாள் காலை ஏழு மணிக்கு வந்து பெஞ்சில் சாய்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. டாக்டர் இன்னும் வரவில்லை.

"ரத்தம் போகுதுப்பா" என்றார். "டாய்லெட் முழுக்கச் செகப்பு. எங்க ஊட்டுக்கு ஒரு போன் போட்டுக் குடு. புள்ளைங்ககிட்டப் பேசிர்றேன்."

"வயிறு வலிக்குதுங்களா?"

"இல்ல."

"தல சுத்துதுங்களா?"

"பயத்துல சுத்துது."

"நேத்து என்னங்க சாப்ட்டீங்க?"

அவர் யோசித்தார். வீட்டிலிருந்து டப்பாவில் கட்டிக் கொடுத்த பீட்ரூட் பொரியல் கெட்டுப்போய்விடுமே என்று முழு டப்பாவையும் நேற்று ஒரே வேளையில் தின்று தீர்த்திருந்தார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துச் சிரித்தார். அந்த ஆபீஸ்காரர் இந்த மலையில் வேலை பார்த்த நாலு வருடமும் என்னை எங்கே கண்டாலும் தலையைக் குனிந்துகொள்வார். நானும் குனிந்துகொள்வேன்.

அவர் எனக்கு யாரோ ஒருவர். அதனால் கேட்க முடிந்தது. நான் இந்த மலையில் பிறந்தவன். இங்கே கட்டிலில் வந்து படுப்பவர்களில் பலர் எனக்கு ஏதோ ஒரு முறையில் சொந்தக்காரர்கள். இப்போது சொல்லப்போவது அப்படி ஒருவரைப் பற்றி. அவர் வயிற்றை என் வெட்கம் கெடுக்கப் பார்த்தது.

அதற்குமுன் வயிற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் என்ன தப்புச் செய்தேன் என்பது உங்களுக்கு விளங்காது.

அப்போது எங்களுக்கு இருந்த டாக்டரம்மா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். படிப்பு முடித்து நேராக மலைக்கு வந்தவர். அடைமழை பெய்து ஒரு நோயாளியும் வராத மத்தியானத்தில் சுவரில் தொங்கும் வயிற்றுப்படத்தை எங்களுக்கு விளக்கிச் சொன்னார். அந்தப் படத்தை இருபது வருடமாகத் துடைத்து வந்தவன் நான். அதில் என்ன இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

வாயில் மென்றது தொண்டைக் குழாய் வழியே இரைப்பைக்குப் போகிறது. தானாக விழுவதில்லையாம். குழாயின் சதை சுருங்கிச் சுருங்கித் தள்ளுகிறது. தலைகீழாக நின்று சாப்பிட்டாலும் போய்ச் சேருமாம். இரைப்பை அதைப் புளிப்பு நீரோடு சேர்த்துக் கடைந்து கூழாக்குகிறது. பிறகு கீழ்வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து சிறுகுடலுக்கு விடுகிறது. அங்கே ஈரலிலிருந்து பித்தநீரும் கணையத்திலிருந்து இன்னொரு நீரும் வந்து கலக்கின்றன. சிறுகுடல் இருபது அடி நீளம் இருக்கும் என்றார். அவ்வளவு நீளத்திலும் சத்தை உறிஞ்சிக்கொண்டே மண்புழு நகர்வது மாதிரி முன்னே தள்ளிக்கொண்டு போகிறது. மிச்சம் பெருங்குடலுக்கு வருகிறது. அங்கே தண்ணீரை உறிஞ்சியது போக மீதிதான் காலையில் நாம் கழிப்பது. அங்கே உண்டாகும் காற்றும், நாம் விழுங்கிய காற்றும் அதே வழியில்தான் போக வேண்டும்.

"அப்ப இது நம்ம படிக்கட்டு வயலு மாதிரிங்க" என்றேன். "மேல் வயல் நெறஞ்சாத்தான் மடை தொறந்து கீழ் வயலுக்குத் தண்ணி வரும்."

"நடுவுல மடை அடைச்சிக்கிட்டா என்னண்ணே ஆகும்?"

"மேல இருக்கறது பொங்கி வரப்ப ஒடைச்சிரும். கீழ இருக்கறது காஞ்சுபோகும்."

"அதேதான்" என்றார். பிறகு வருகிற நோயாளிகளுக்கெல்லாம் வயல் கதையைத்தான் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. ஆனால் கதை சொல்லத் தெரிந்த எனக்கு, அடைப்பு கண்முன்னால் வந்து நின்றபோது தெரியவில்லை.

வந்தவர் என் மனைவியின் பெரியப்பா. ஆலத்தூர் நாட்டில் ஒரு சிற்றூர்க்காரர். வயது அறுபது இருக்கும். அந்த ஊர்த் திருவிழாவில் சாமி சப்பரத்துக்கு முன்கொம்பு பிடிப்பவர் அவர்தான். முன்கொம்பு என்றால் சப்பரத்தின் முன்பக்கத் தோள். இறக்கத்தில் பாரம் முழுவதும் அங்கேதான் வந்து உட்காரும். இருபது வருடமாக அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டதில்லை. எனக்கு மாமனார் முறை. அவர் வீட்டுக்குப் போனால் அவர் எதிரில் நான் கட்டிலில் உட்கார்ந்ததில்லை. அவரும் என்னை "மாப்ள, வாங்க" என்றுதான் அழைப்பார்.

திருவிழாவன்று காலை பத்து மணிக்கு ஜீப்பில் வந்தார். கூடச் சப்பரம் தூக்குகிற நாலு பேரும், அவர் மனைவி, எனக்கு அத்தை, அவரும் வந்திருந்தார்கள். சாயங்காலம் சாமி புறப்பாடு. முந்தின நாள் மாலையில் சப்பரத்துக்குப் புதுக் கொம்பு தூக்கி வந்ததிலிருந்து வயிறு சுருட்டிச் சுருட்டி வலிக்கிறதாம். விடியலிலிருந்து வாந்தி.

"ஒண்ணுமில்லீங் மாப்ள. மலங்கட்டிக்கிச்சு. ஒரு இனிமா குடுத்து உட்டுட்டீங்கன்னா கெளம்பிருவேன்."

கூட வந்தவர்களில் மூத்தவர், "வெரசாப் பாருங்க மாப்ள. இவரு இல்லாம சாமி எந்திரிக்காது" என்றார்.

"சாமி எந்திரிக்கும். நீங்க நாலு பேருந்தான் எந்திரிக்க மாட்டீங்க" என்று மாமா வலியோடு சொன்னார். நாலு பேரும் சிரித்தார்கள்.

டாக்டரம்மா வந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அவர் ஒருவர்தான் டாக்டர். பக்கத்து அறையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்திருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மத்தளம் மாதிரி உப்பியிருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"வெளிக்குப் போனீங்களா ஐயா? காத்து பிரியுதா?"

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் போவுதுங்க" என்றார்.

"வேட்டியக் கொஞ்சம் தளத்துங்க. அடிவயிறு பாக்கணும்."

மாமா வேட்டி முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். டாக்டரம்மாவுக்கு அவருடைய கடைசி மகள் வயதுதான் இருக்கும். அதற்குள் பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணே, நீங்க பாத்துச் சொல்லுங்க. அடிவயிறு, தொடையிடுக்கு, கீழ எங்கயாச்சும் வீக்கம் இருக்கான்னு. முக்கியம், சரியா?" என்று சொல்லிவிட்டுப் பிரசவ அறைக்கு ஓடினார்.

நான் திரையை இழுத்தேன். கட்டிலருகே போனேன்.

"மாமா" என்றேன்.

"மாப்ள" என்றார். "நீங்க எந்தம்பி பொண்ணக் கட்டுனவரு. நீங்களா பாக்கப் போறீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். நான் நின்றேன். திரைக்கு வெளியே நாலு பேருடைய கால்கள் தெரிந்தன. ஒரு நிமிடம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திரையை விலக்கிக்கொண்டு பிரசவ அறை வாசலுக்குப் போய், "வீக்கம் ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா" என்றேன்.

"சரி, இனிமா குடுங்க. என்ன ஆகுதுன்னு பாத்துட்டு அடுத்து யோசிப்போம். நான் வர்ற வரைக்கும் அனுப்பிராதீங்க."

இனிமா கொடுப்பதற்குப் பின்பக்கம் மட்டும் திறந்தால் போதும். ஒருக்களித்துப் படுத்தபோதும் மாமா முன்பக்க வேட்டியைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே இருந்தார். நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கழிப்பறைக்குப் போனார். ஓரளவு போனது. வெளியே வந்து, "செரியாப் போச்சுங் மாப்ள. பாரம் எறங்குன மாதிரி இருக்குது" என்றார்.

எனக்கும் பாரம் இறங்கியது. பொய் சொன்னது பெரிய தப்பாகிவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரம்மா வரட்டும் மாமா என்று சொன்னேன். ஆனால் அதைக்கூட வாய்க்குள்தான் சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தையின் தலை தெரிகிறது என்று நர்ஸ் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அவர்கள் ஜீப்பை எடுத்துவிட்டார்கள். மாமா படியிறங்கினார். செருப்பு மாட்டக் குனிந்தார். அங்கேயே வாந்தி எடுத்தார்.

"பித்தம்" என்றார். வாயைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

வாந்தி துடைப்பது என் வேலை. துடைப்பத்தோடு போனேன். எழுபது கொண்டைஊசி வளைவு ஏறி வருகிற பஸ்காரர்களின் வாந்தியை இருபத்தாறு வருடம் துடைத்தவன் நான். அதில் இட்லி இருக்கும், புரோட்டா இருக்கும். எந்த ஓட்டலில் சாப்பிட்டார்கள் என்றுகூடச் சொல்லிவிடுவேன். இதில் ஒரு பருக்கை இல்லை. முழுவதும் கரும்பச்சையாக, நாற்றம் வேறு மாதிரி இருந்தது. இது இரைப்பையில் இருந்தது இல்லை. அதற்கும் கீழே போய், வழி இல்லாமல் திரும்பி வந்தது.

அப்போதுதான் வயல் ஞாபகம் வந்தது. நான் இனிமா கொடுத்தது கீழ் வயலுக்கு. அங்கே ஏற்கெனவே கிடந்தது வெளியே வந்துவிட்டது. மேலே மடை அடைத்தது அடைத்தபடியே இருக்கிறது. மேல் வயல் பொங்குகிறது. இந்த வயிற்றோடு இவர் சாயங்காலம் சப்பரம் தூக்கப்போகிறார்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடினேன். என்ன சொல்லி இறக்குவது என்று தெரியவில்லை. பின்னால் நாலு பேரும் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியே கையை விட்டு வண்டிச் சாவியைத் திருகி எடுத்துக்கொண்டேன். வண்டி அடங்கிவிட்டது. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

"சித்த இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியோடு பிரசவ அறை வாசலுக்கு ஓடினேன்.

"டாக்டரம்மா, நான் பாக்கலீங்க."

"என்னது பாக்கல?"

"அவரோட அடிவயிறு. பாத்தேன்னு பொய் சொல்லிட்டனுங்க. பச்சையா வாந்தி எடுத்திருக்கறாரு."

வலியில் இருந்த அந்தப் பெண்கூட ஒரு நொடி முனகலை நிறுத்திக்கொண்டது போல் இருந்தது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பவில்லை. கை வேலையில் இருந்தது.

"ஆள் எங்க இருக்காரு?"

"ஜீப்புலீங்க. சாவிய எடுத்துட்டேன்."

"நல்லது. இப்பப் போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க. திட்டறத அப்புறம் வச்சிக்கிடுதேன்."

திரும்பி ஜீப்புக்குப் போனேன். "மாமா, எறங்குங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஏனுங் மாப்ள, நேரமாச்சு."

"நீங்க எறங்கலைன்னா நான் இங்கயே எல்லாரு முன்னாலயும் பாப்பேன்."

இறங்கினார். திரைக்குப் பின்னால் வேட்டியைத் தளர்த்தினேன். உள்ளே பழைய துண்டு ஒன்றை முறுக்கி, இடுப்பைச் சுற்றித் தொடையிடுக்கில் இறுக்கிக் கட்டியிருந்தார். கட்டின் தடம் தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. ஒருநாள் இரண்டுநாள் கட்டு அல்ல, வருடக்கணக்கான கட்டு. துண்டை அவிழ்த்தேன். வலது தொடையிடுக்கில் கொய்யாக்காய் அளவுக்கு வீக்கம். கல் மாதிரி இருந்தது. மேல்தோல் சிவந்திருந்தது. விரல் பட்டதும் துடித்துவிட்டார்.

"எத்தன வருசமா மாமா?"

"ஏழெட்டு வருசமிருக்கும். படுத்தா உள்ள போயிரும். நேத்துலருந்து போவ மாட்டீங்குது."

"காத்து பிரிஞ்சுதுங்களா?"

"நேத்துலருந்து இல்லீங்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்ககிட்டச் சொல்லீராதீங்க. எறக்கம்னு தெரிஞ்சா முன்கொம்பு போயிரும்."

குடலிறக்கம் என்று நாம் சொல்வது அதுதான். வயிற்றுச் சதை ஒரு இடத்தில் பலமிழந்துவிட்டால் குடலின் ஒரு வளையம் அந்தச் சந்து வழியே வெளியே பிதுங்கும். பாரம் தூக்கினால் இன்னும் பிதுங்கும். பல வருடம் போய் வந்துகொண்டிருக்கும். ஒருநாள் போனது திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்ளும். சந்து அதை நெரிக்கும். சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, ரத்தத்துக்கும் வழியில்லாமல் போய்விடும். அப்புறம் குடல் அழுகிவிடும். அதற்கு நேரம் மணிக்கணக்கில்தான்.

குழந்தை பிறந்த சத்தம் கேட்டது. இரண்டு நிமிடத்தில் டாக்டரம்மா கையைக் கழுவிவிட்டு வந்தார். ஒரு பார்வை பார்த்தார். வாய்வழியாகச் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்றார். கையில் டிரிப் ஏற்றினார். மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் விட்டார். அதில் பச்சை நீர் இறங்க இறங்க மாமாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆம்புலன்சுக்கும் நாமக்கல்லில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கும் போன் செய்தார். கூடப் போகச் சொன்னது என்னைத்தான்.

வெளியே நின்ற நாலு பேரும் என்ன என்று கேட்டார்கள். மாமா கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டது ஞாபகம் இருந்தது. "கொடல்ல அடைப்பு. கீழ கொண்டுபோறோம்" என்றேன். அது பொய்யில்லை. நோயாளி மறைக்கச் சொல்வதை ஊருக்கு மறைக்கலாம். டாக்டருக்கு மறைக்கக் கூடாது. இந்த இரண்டையும்தான் நான் காலையில் மாற்றிச் செய்திருந்தேன்.

வண்டி வளைவுகளில் இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் மாமா பல்லைக் கடித்தார். அத்தை அவர் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இருபதாவது வளைவு இருக்கும். மாமா கண்ணைத் திறக்காமல், "உங்க அத்தைக்குத் தெரியாது மாப்ள. சொல்லிப்போடாதீங்க" என்று முணுமுணுத்தார்.

அத்தை அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏழு வருசமா அந்தத் துண்டத் தொவைக்கறது யாருன்னு கேளுங்க தம்பி" என்றார்.

மாமா கண்ணைத் திறந்தார்.

"தெரியுமா?"

"தெரியாம? சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்கன்னு சும்மா இருந்தேன். வேற ஒரு நல்ல துண்டாவது எடுத்துக் கட்டியிருக்கலாமில்ல. அத்தனை கிழிசல்."

ஆம்புலன்சில் இருந்த நர்ஸ் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மாமாவும் சிரிக்கப் பார்த்தார். வயிறு விடவில்லை. "சிரிக்க வெக்காதடி" என்று முனகினார். நான் மட்டும் சிரிக்கவில்லை. சொல்லாமல் மறைத்தவர் ஒருவர், தெரிந்தும் கேட்காமல் இருந்தவர் ஒருவர், பார்க்காமலே பார்த்தேன் என்ற நான் ஒருவன். மூன்று பேருடைய வெட்கமும் சேர்ந்துதான் அந்தக் குடலை நெரித்துக்கொண்டிருந்தது.

சேந்தமங்கலம் தாண்டி நாமக்கல் போய்ச் சேர்ந்தோம். தயாராக இருந்தார்கள், நேராக உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றரை மணி நேரம் வராந்தாவில் அத்தையோடு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் ஒன்றை முடிவு செய்தேன். குடல் அழுகியிருந்தால் நான் செய்ததை அத்தையிடமும் என் மனைவியிடமும் நானே சொல்லிவிட்டு வேலையை விட்டுவிடுவது.

ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கும் நம்மைப்போன்ற பணியாளர் ஒருவர் வெளியே வந்தார். என் சட்டையைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாவல்பழக் கலர்ல இருந்துச்சுங்க" என்றார். "சர்ஜன் சார் வெட்டலை. வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணியச் சுத்தி வச்சிட்டு, மணியப் பாத்துக்கிட்டு நின்னாரு. யாரும் பேசலை. அப்புறம் துணிய எடுத்துப் பாத்தா கொஞ்சங்கொஞ்சமாச் செவக்குது. சுண்டி உட்டாரு, புழு மாதிரி நெளியுது. உள்ள தள்ளித் தையல் போட்டாச்சு."

"பொழைச்சுக்கிச்சுங்களா?"

"பொழைச்சுக்கிச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் தாமதிச்சிருந்தா ஒரு முழம் போயிருக்கும். ஆளே போயிருந்தாலும் போயிருக்கும்."

அத்தையிடம் அப்போதே சொன்னேன், காலையில் நான் பார்க்காமல் பார்த்ததாகச் சொன்னதை. அவர் கேட்டுவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். "டீ சாப்புடலாம் வாங்க தம்பி" என்றார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. நெரிபட்ட குடல் உள்ளே போனதும் கொஞ்ச நாள் அசைய மறந்து கிடக்கும். அது விழித்துக்கொண்டதற்கு அடையாளம் காற்று பிரிவது. அதுவரை மாமாவுக்குச் சோறு கிடையாது. மறுநாள் விடுமுறை எடுத்துக்கொண்டு நான் அங்கேயே இருந்தேன். சர்ஜன் வந்து கேட்டபோது மாமா பழையபடி சுவரைப் பார்த்தார். "போன மாதிரி இருந்துச்சுங்க" என்றார். பசி அவரை அப்படிச் சொல்ல வைத்தது. பக்கத்துக் கட்டில்காரர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வார்டில் இருபது கட்டில் இருந்தது. மகன்கள், மருமகள்கள், சொந்தக்காரர்கள் என்று நின்றார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கேட்டேன்.

"மாமா, குசு உட்டீங்களா இல்லையா? நெசத்தச் சொல்லுங்க."

தோசைக்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

"இன்னும் இல்லீங் மாப்ள" என்றார் மாமா.

சர்ஜன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதினார். சாப்பாடு தள்ளிப்போனது. மாமா அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் மலைக்குத் திரும்பி வேலையில் இருந்தேன். மத்தியானம் போன் வந்தது. மாமா அவரே பேசினார்.

"மாப்ள. போயிருச்சுங்."

"செரியாச் சொல்லுங்க மாமா. சத்தம் வந்துச்சுங்களா?"

"தோசைக்காரரு எந்திரிச்சு உக்காந்துட்டாரு."

நான் போனை மூடாமலே டாக்டரம்மா அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அன்றைக்குத் தள்ளி வைத்திருந்த திட்டையும் அப்போதே திட்டித் தீர்த்தார். ஐந்து நிமிடம் நீடித்தது. அதற்கப்புறம் எந்தத் திரைக்குப் பின்னாலும் நான் பார்க்காமல் வெளியே வந்ததில்லை.

சாமி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாமா இல்லாமலே எழுந்தது. பின்கொம்பில் இருந்தவர் முன்னே வந்து தூக்கினார். மாமா ஊருக்குத் திரும்பியதும் ஊர்க்கூட்டத்தில் அவரே எழுந்து எல்லாவற்றையும் சொன்னாராம், துண்டு முதல் குசு வரை. இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதையும் சொன்னாராம். யாரும் சிரிக்கவில்லையாம். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

ஏன் என்று எனக்கு அடுத்த வாரம் தெரிந்தது. அன்றைக்கு ஜீப்பில் வந்த நாலு பேரும் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தலைவலி என்றார். ஒருவர் சளி என்றார். மூன்றாவது ஆள் சும்மா கூட வந்தேன் என்றார். மூத்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அந்தத் திரைய இழுங்க மாப்ள" என்றார்.

ஒவ்வொருவராகப் பார்த்தேன். டாக்டரம்மாவும் பார்த்தார். மூன்று பேருக்கு இறக்கம் இருந்தது. சிக்கிக்கொள்வதற்கு முன்னால், நாள் குறித்து, நிதானமாக அறுவை சிகிச்சை செய்துகொள்ள மூன்று பேருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தோம். நாலாவது ஆளுக்கு ஒன்றும் இல்லை. வயது நாற்பதுக்குள். அவரிடம் உங்களுக்கு இல்லை என்று சொன்னதும் முகம் விழுந்துவிட்டது.

"நல்லாப் பாத்தீங்களா?" என்றார். "அவங்க மூணு பேருக்கும் இருக்குது. எனக்கு மட்டும் இல்லீங்களா?"

"இல்லீங்க."

"அவங்கதான தூக்குனாங்க, நீ சும்மா கைய வச்சுக்கிட்டு வந்தியான்னு கேப்பாங்களே."

அடுத்த வருடத்திலிருந்து முன்கொம்பு அவருக்குத்தான். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு வாரம் முன்னால் வந்து பார்த்துக்கொண்டு போவார். இந்த வருடம் உங்களிடம்தான் வருவார். ஆள் வாசலில் தெரியும்போதே திரையை இழுத்து வைத்துவிடுங்கள். என்னிடம் வந்தபோதெல்லாம், நான் கட்டிலைத் துடைத்து முடிப்பதற்குள், நடு வார்டில் நின்று வேட்டியை அவிழ்த்துவிடுவார். "சித்த பொறுங்க சாமி" என்று நான்தான் வெட்கப்பட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.